முதல் .22 ரைபிள்: அமெரிக்காவில் குறிப்பயிற்சிக்குக் குறைந்த செலவில் வாங்கும் முறை

எங்கள் சுடுதளத்தில் மாதம் ஒருமுறை புதியவர்களுக்கென ஒரு காலைப்பொழுதை ஒதுக்குகிறோம். பெஞ்சுகளுக்குப் பின்னால் நின்று உதவுவது என் வேலை. சில ஆண்டுகளாகத் தமிழர்களும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் பலர் ரைபிளை வாங்கிவிட்டுத்தான் கேள்விகளைக் கேட்கிறார்கள். தோளுக்குப் பொருந்தாத கட்டை, 25 கெஜத்தில் மங்கித் தெரியும் ஸ்கோப் (ரைபிளின் மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி), ரைபிளுக்கே சேராத தோட்டாப் பெட்டி என்று ஒவ்வொருவரும் ஒரு சிக்கலோடு வந்து நிற்கிறார்கள். ஏறக்குறைய எல்லாச் சிக்கலும் வரிசை மாறியதால் வந்தவை. அதனால்தான் இங்கே ரைபிளைத் தேர்ந்தெடுப்பது ஏழாவது படியில் வருகிறது. அதற்கு முந்தைய ஆறையும் முடித்தவருக்கு ஏழாவது படி அரை மணி நேர வேலை.

.22 என்பது அங்குலக் கணக்கில் குண்டின் குறுக்களவு. இந்த ரைபிள் சுடுவது ரிம்ஃபயர் வகைத் தோட்டாவை. அது என்ன என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வகைத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிப்பகுதியின் விளிம்புக்குள் இருக்கும். சுடும் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது தோட்டா வெடிக்கிறது. விலை குறைவு, பின்னுதைப்பு மிகக் குறைவு, சத்தமும் குறைவு. உடல் பதறாமல் நூறு முறை சுட முடிவதால் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

1. உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்

இதைத் தாண்டிக் குதித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் கவலையாக இருக்கிறது. எச்-1பி, எஃப்-1, எல்-1, சுற்றுலா விசா போன்ற குடியேற்றமில்லா விசாக்களில் வந்திருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அந்தத் தடைக்குள் வரும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவை ஆசையாக அழைத்துப்போய் நான்கு தோட்டா சுடச் சொல்வதும் அப்படித்தான்.

தடைக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. அதிகம் பயன்படுவது, ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். உரிமம் காலாவதியானால் விதிவிலக்கும் போய்விடும். ஆகவே புதுப்பிக்கும் தேதியைக் குறித்துவைக்க வேண்டும். பச்சை அட்டை உள்ளவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை. உங்கள் நிலை சிக்கலானது என்றால், ரைபிளுக்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞருக்குச் செலவழியுங்கள். துப்பாக்கி தொடர்பான குற்றம் நாடுகடத்தலில் கொண்டுபோய் விடலாம்.

அடுத்த தவறு குடும்பத்துக்குள் நடப்பது. மனைவிக்குப் பச்சை அட்டை, கணவருக்கு எச்-1பி. "என் பெயரில் வாங்கித் தருகிறேன்" என்கிறார் மனைவி. உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று, கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்ப வேண்டிய கூட்டாட்சிப் படிவம் 4473 நேரடியாகக் கேட்கிறது. அதில் பொய் சொல்வது கூட்டாட்சிக் குற்றம்.

மாநிலச் சட்டங்கள் இதற்கு மேலே வருகின்றன. இல்லினாயில் எஃப்.ஓ.ஐ.டி. என்ற, துப்பாக்கி வைத்திருப்போருக்கான மாநில அடையாள அட்டை வேண்டும். நியூ ஜெர்சியில் வாங்குவோர் அடையாள அட்டை வேண்டும். கலிஃபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற வேண்டும், பணம் கட்டிய பிறகும் பத்து நாள் காத்திருக்க வேண்டும். தோட்டாக்களை அடுக்கும் மேகசினின் கொள்ளளவுக்கும் பல மாநிலங்களில் வரம்பு இருக்கிறது. உங்கள் மாநிலக் காவல்துறை அல்லது அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தைப் படியுங்கள். நண்பர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

2. காகிதங்களைச் சரிசெய்யுங்கள்

கடைக்குப் போகும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே இதைச் செய்யச் சொல்வேன். ஓட்டுநர் உரிமத்தில் பழைய வீட்டு முகவரி இருந்தால் விற்பனை அங்கேயே நின்றுவிடும். படிவத்தில் எழுதும் முகவரியும் அரசு அடையாள அட்டையின் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். வீடு மாறியவர்கள் வாகனப் பதிவு போன்ற இன்னோர் அரசு ஆவணத்தைக் கூடவே காட்டலாம். அஞ்சல் பெட்டி எண் செல்லாது. பச்சை அட்டைக்காரர்கள் அட்டையையே எடுத்துச் செல்லுங்கள். அதிலுள்ள எண் படிவத்தில் தேவைப்படும்.

நம் பெயர்கள் இந்தப் படிவத்தில் குழப்பம் தருபவை. நடுப்பெயர் இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. 'என்.எம்.என்.' என்று ஆங்கில எழுத்துகளில் எழுத வேண்டும். சட்டபூர்வப் பெயரிலேயே வெறும் இனிஷியல்தான் இருக்கிறது என்றால் அதன் பின்னால் 'ஐ.ஓ.' சேர்க்க வேண்டும். இந்த இரண்டையும் அறியாமல் திணறி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படிவத்துக்குப் பிறகு கடைக்காரர் பின்னணிச் சோதனை செய்வார். பெரும்பாலும் சில நிமிடங்களில் அனுமதி வந்துவிடும். சில வேளைகளில் 'தாமதம்' என்று வரும். அது மறுப்பு ஆகாது, பதற வேண்டாம்.

3. எங்கே, எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறீர்கள்?

சுடுதளத்தை முடிவு செய்யாமல் ரைபிளை முடிவு செய்ய முடியாது. நகரத்து உட்புறச் சுடுதளங்கள் பெரும்பாலும் 25 கெஜத்தோடு முடிந்துவிடும். கிராமப்புறச் சங்கங்களில் 50, 100 கெஜம் கிடைக்கும். ஆனால் உறுப்பினராகச் சிபாரிசோ காத்திருப்போ தேவைப்படலாம். ஒருநாள் கட்டணம், ஆண்டுக் கட்டணம், அனுமதிக்கப்படும் தோட்டா வகை, அடுத்தடுத்து வேகமாகச் சுடலாமா என்ற விதி ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சொந்த நிலம் இருந்தாலும் தொடக்கத்தில் அங்கே வேண்டாம். .22 தோட்டாப் பெட்டிகளில் ஓர் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும்: குண்டு ஒன்றரை மைல் வரை போகும். தண்ணீரிலும் கல்லிலும் பட்டுத் தெறிக்கவும் செய்யும். உயரமான மண்மேடு பின்னால் இல்லாத இடம் சுடும் இடமே இல்லை.

என்ன வகைப் பயிற்சி என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். பெஞ்சில் மணல்மூட்டை வைத்து 50 கெஜத்தில் துல்லியம் தேடுவது ஒரு வழி. கிடந்தும் உட்கார்ந்தும் நின்றும் சுடக் கற்பது இன்னொரு வழி. இரண்டாவதை விரும்புபவர்களுக்கு அப்பிள்சீட் என்ற வாரஇறுதிப் பயிற்சியைச் சொல்வேன். 25 மீட்டரில், தோள்வாரைக் கையில் சுற்றிப் பிடித்துச் சுடச் சொல்லித்தருவார்கள். அவர்கள் தேர்வில் 250க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. குறிசுடுதலை வளர்க்கும் சி.எம்.பி. என்ற அமைப்பின் ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர் போட்டியில் ரைபிளின் எடை 7.5 பவுண்டைத் தாண்டக் கூடாது. கனத்த குழலும் பெரிய ஸ்கோப்பும் வாங்கிவிட்டு இந்த விதியைப் பிறகு படித்தவர்கள் உண்டு.

4. மொத்தப் பணத்தைப் பிரியுங்கள்

கையில் 700 டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதியவர் 600 டாலருக்கு ரைபிள் வாங்கி, மிச்சத்தில் இருப்பதிலேயே மலிவான ஸ்கோப்பைப் பொருத்துகிறார். தோட்டாவுக்குப் பணம் இல்லை. ரைபிள் அலமாரியில் தூங்குகிறது. நான் பிரிக்கும் விதம் இது: ரைபிளுக்கு 350, ஸ்கோப்புக்கும் அதன் வளையங்களுக்கும் 130, காது கண் பாதுகாப்புக்கு 50, மணல்மூட்டை, துடைக்கும் பொருள்கள், பூட்டு ஆகியவற்றுக்கு 50, தோட்டாவுக்கு 120. ரைபிளுக்கு மொத்தத்தில் பாதி. சுடுதளக் கட்டணம் தனி.

காரணம் எளிது. முதல் ஆயிரம் தோட்டா வரை உங்கள் குறி தவறுவதற்குக் காரணம் நீங்கள்தான், ரைபிள் இல்லை. அந்த ஆயிரத்தைச் சுடப் பணம் இருக்க வேண்டும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்பவர்களுக்கு: இணையத்தில் வாங்கினாலும் ரைபிள் உங்கள் வீட்டுக்கு வராது. உரிமம் பெற்ற உள்ளூர்க் கடைக்கு வரும், சோதனை அங்கே நடக்கும், அதற்கு ஒரு கட்டணம் வாங்குவார்கள். அதையும் கூட்டிப் பார்த்தால் பல வேளைகளில் உள்ளூர் விலையே சரியாக இருக்கும்.

5. தோட்டா வகை: .22 எல்.ஆர். மட்டும்

ரிம்ஃபயரில் .22 எல்.ஆர். (லாங் ரைபிள்), .22 மேக்னம், .17 எச்.எம்.ஆர். என்று பல அளவுகள் உண்டு. குறிப்பயிற்சிக்கு முதலாவதைத் தவிர வேறு எதையும் பார்க்க வேண்டாம். மற்றவற்றின் ஒரு தோட்டா விலைக்கு இதில் இரண்டு மூன்று வாங்கலாம்.

பெயரில் '.22' இருப்பதால் எல்லாம் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். .22 எல்.ஆர். தோட்டா மேக்னம் ரைபிளின் அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) தளர்வாக நுழைந்துவிடும், ஆனால் சுட்டால் கூடு பிளந்து புகை முகத்தில் அடிக்கலாம். ரைபிளின் குழலில் பொறித்திருக்கும் எழுத்தும் பெட்டியின் எழுத்தும் ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒருமுறை புதியவர் ஒருவர் கொண்டுவந்த மேக்னம் பெட்டியை நான் வாங்கி ஓரமாக வைத்தேன். பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறார். எழுத்தைப் படிக்கவில்லை.

6. உங்கள் உடலுக்கு என்ன அளவு?

மாடல்களைப் பார்ப்பதற்கு முன் இரண்டு சோதனைகள். முதலாவது கண். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே ஒரு சிறு துளை விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தை இரு கண்களாலும் பாருங்கள். இப்போது ஒரு கண்ணை மூடுங்கள். கடிகாரம் மறையாமல் தெரிந்தால் திறந்திருக்கும் கண்தான் உங்கள் முதன்மைக் கண். வலக்கைப் பழக்கமும் இடக்கண் முதன்மையும் சேர்ந்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்கள் இடது தோளில் வைத்துப் பழகுவது நல்லது. சாவேஜ் மார்க் 2 வரிசையில் இடக்கைப் போல்ட் (தோட்டாவை ஏற்றக் கையால் இழுக்கும் பகுதி) வைத்த மாடல்களும் உண்டு.

இரண்டாவது கை நீளம். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, ரைபிளின் அடிக்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து, சுட்டுவிரலை நீட்டுங்கள். விரலின் முதல் கணுப்பகுதி விசையைத் தொட்டால் நீளம் சரி. பெரியவர்களுக்கான ரைபிள்களில் இந்த நீளம் பெரும்பாலும் 13.5 அங்குலத்தை ஒட்டியிருக்கும். நம்மில் உயரம் குறைந்தவர்களுக்கு இது அதிகம். நீளமான கட்டையைப் பிடிப்பவர் தலையைப் பின்னுக்கு வளைத்து, முதுகைச் சாய்த்து நிற்பார். பத்தே நிமிடத்தில் இடக்கை நடுங்கத் தொடங்கும். பலமில்லை என்று அவர் தன்னையே நொந்துகொள்வார். கட்டை அரை அங்குலம் குறைந்திருந்தால் அந்த நடுக்கமே வந்திருக்காது.

கன்னம் பதியும் இடமும் முக்கியம். கண்ணை மூடி, ரைபிளைத் தோளுக்குக் கொண்டுவந்து, கன்னத்தை இயல்பாகச் சாய்த்த பின் கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பின் நடுவே முழு வட்டமும் தெரிய வேண்டும். தலையைத் தூக்கித் தேட வேண்டியிருந்தால் கட்டையின் மேல்விளிம்பு உங்களுக்குத் தாழ்வு.

பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் ரைபிளைக் கொடுக்காதீர்கள். சாவேஜ் ராஸ்கல் போன்ற, ஒரே தோட்டா மட்டும் போடும் சிறிய ரைபிள்கள் அதற்கென்றே இருக்கின்றன.

7. இயங்குமுறையும் மாடலும்

போல்ட் வகையில் ஒவ்வொரு முறையும் கையால் பின்னிழுத்து, வெற்றுக்கூட்டை வெளியேற்றி, அடுத்ததை ஏற்ற வேண்டும். பகுதித் தானியங்கி வகையில் அந்த வேலையை ரைபிளே செய்யும், விசையை மட்டும் மறுபடி அழுத்தினால் போதும். முதல் ரைபிளாக நான் போல்ட்டைத்தான் சொல்வேன். ஒவ்வொரு தோட்டாவுக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி தானாகக் கிடைக்கிறது. வேகமாகச் சுட்டுத் தள்ளும் பழக்கம் முளைப்பதில்லை. பொறி எளியது, துடைப்பது எளிது, தோட்டா வகைக்கு அது முரண்டு பிடிப்பதும் குறைவு.

அப்பிள்சீட் போன்ற பயிற்சிதான் நோக்கம் என்றால் பகுதித் தானியங்கி பொருந்தும், ஏனென்றால் சில பயிற்சிகளில் நேர வரம்பு உண்டு.

இனி மாடல்கள். விலைகள் கடைக்குக் கடை மாறும். எனவே ஏறத்தாழத்தான் சொல்கிறேன்.

சாவேஜ் மார்க் 2 எஃப்.வி.: 300 முதல் 400 டாலருக்குள் பெஞ்சுத் துல்லியம் தேடுபவருக்கு என் முதல் தேர்வு இதுதான். கனத்த குழல், நாமே அழுத்தத்தைச் சரிசெய்துகொள்ளும் அக்கியூட்ரிகர் விசை. விசை நன்றாக இருப்பது புதியவருக்கு மிகப் பெரிய உதவி. கனத்த விசையை இழுக்கும்போது முழு ரைபிளும் நகர்ந்துவிடும். போல்ட்டின் இயக்கம் சற்றுக் கரகரப்பாக இருக்கும், ஐந்நூறு தோட்டாவில் மெருகேறும். எஃப்.வி.யில் இரும்புக் குறிகள் (ஸ்கோப் இல்லாமல் குறிபார்க்கக் குழலின் மேல் இருப்பவை) கிடையாது, ஸ்கோப் கட்டாயம். மேகசினில் தோட்டா அடுக்கும்போது விளிம்பு ஒன்றன்மேல் ஒன்று மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ருகர் அமெரிக்கன் ரிம்ஃபயர்: இதே விலையைச் சற்றுத் தாண்டிக் கிடைக்கும். எடை குறைவு, எடுத்துப்போக எளிது. அடுத்து வரும் ருகர் 10/22இன் சுழல் மேகசினையே இதுவும் பயன்படுத்துவதால் பின்னாளில் 10/22 வாங்கினால் மேகசின்கள் இரண்டுக்கும் உதவும்.

ருகர் 10/22: பகுதித் தானியங்கியில் இதற்கு மாற்றாகத் தேடி அலைய வேண்டியதில்லை. 1964 முதல் வரும் ரைபிள் என்பதால் உதிரிப்பாகம் கிடைக்காத ஊரே இல்லை. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. அடிப்படை மாடலை மலிவாக வாங்கி, பிறகு விசை, குழல், கட்டை என்று ஒவ்வொன்றாக மாற்றி, கணக்குப் பார்த்தால் நல்ல போல்ட் ரைபிள் இரண்டு வாங்கியிருக்கலாம். முதல் ஓராண்டு எதையும் மாற்றாதீர்கள்.

சி.இசட். 457: 500 டாலரைத் தாண்டும். செய்நேர்த்தியும் குழலின் துல்லியமும் அந்த விலைக்கு நியாயம் செய்கின்றன. அடுத்த பத்தாண்டு இதே ரைபிள்தான் என்று உறுதியாகத் தெரிந்தவர் கூடுதல் பணத்தை இதில் போடலாம். பயிற்சி பிடிக்குமா என்றே தெரியாதவர் போட வேண்டாம்.

8. கடையில் என்ன பார்ப்பது?

கண்ணாடிப் பேழைக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்ததும் முதலில் போல்ட்டைத் திறந்து அறை காலியா என்று பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். கடைக்காரர் பார்த்திருந்தாலும் நீங்களும் பாருங்கள். குழல்வாய் யார் பக்கமும் திரும்பக் கூடாது. விரல் விசைக்கு வெளியே. இந்தப் பழக்கம் இங்கேயே தொடங்குகிறது, நல்ல கடைக்காரர்கள் உங்களை எடைபோடுவதும் இதை வைத்துத்தான்.

விசையை இழுத்துப் பார்க்க வேண்டுமானால் கேட்டுவிட்டு இழுங்கள். பல ரிம்ஃபயர் ரைபிள்களில் வெற்றறையில் இழுத்தால் சுடும் ஊசி அறையின் விளிம்பையே குத்தும். பயன்படுத்திய ரைபிள் வாங்குபவர்கள் கைவிளக்கு அடித்து அந்த விளிம்பைப் பாருங்கள். சிறு பள்ளம் தெரிந்தால் தோட்டா ஏற மறுக்கலாம், விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். குழல்வாயின் உதட்டில் கீறலோ நசுங்கலோ இருக்கக் கூடாது, ஏனென்றால் குண்டு கடைசியாகத் தொடும் இடம் அது. தெரிந்தவரிடம் வாங்கினாலும் உரிமம் பெற்ற கடை வழியாக மாற்றிக்கொள்வதையே நான் பரிந்துரைக்கிறேன்.

9. ஸ்கோப்

அதிக உருப்பெருக்கம் என்றால் அதிகத் துல்லியம் என்று நம்பி 24 மடங்கு ஸ்கோப்போடு வருபவர்கள் இருக்கிறார்கள். பார்த்தால் தங்கள் இதயத் துடிப்பு ஒவ்வொன்றும் குறியில் ஆடுகிறது. பயந்துபோய் விசையைப் பிடுங்கி இழுக்கிறார்கள். 50 கெஜத்துக்கு 9 மடங்கு தாராளம்.

பெட்டியில் 'ரிம்ஃபயர்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பள்ளியில் படித்த இடமாறு தோற்றப் பிழை இங்கே வேலை செய்கிறது. பெரிய ரைபிள்களுக்கான ஸ்கோப்புகளில் இந்தப் பிழை 100 கெஜத்திலோ அதற்கு மேலோ நீங்கும்படி அமைத்திருப்பார்கள். 25, 50 கெஜத்தில் கண் சற்று நகர்ந்தாலும், ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு இலக்கின் மேல் நகர்வதுபோலத் தெரியும். ரிம்ஃபயர் ஸ்கோப்பில் அது 50 கெஜத்தை ஒட்டி அமைந்திருக்கும். தூரத்தை நாமே திருகி அமைக்கும் வசதியுள்ள ஸ்கோப் இன்னும் நல்லது.

வளையங்கள் ரைபிளின் மேல்தளத்துக்குப் பொருந்த வேண்டும். சில ரைபிள்களில் 11 மில்லிமீட்டர் அளவில் பள்ளம் வெட்டியிருக்கும், சிலவற்றில் அகலமான வீவர் தளம் இருக்கும். ஒன்றின் வளையம் மற்றொன்றில் சேராது. திருகுகளைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். குறி திடீரென்று அலைந்தால் முதலில் இந்தத் திருகுகளைத்தான் சோதிக்க வேண்டும்.

10. சுடுதளத்துக்குப் போகும் முன்

கையேட்டைப் படியுங்கள். புதிய குழலில் ஆலையின் எண்ணெய் இருக்கும், உலர்ந்த துணியை இரண்டு முறை செலுத்தி எடுத்துவிடுங்கள்.

வீட்டில் விசைப் பயிற்சி செய்ய விரும்பினால், கட்டுமானப் பொருள் கடையில் விற்கும், சுவரில் திருகு பதிக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் குழாய்களை வாங்குங்கள். நூறு துண்டு சில டாலர்தான். .22 அறையில் அவை அப்படியே பொருந்தும், ஊசி அறையின் விளிம்பைக் குத்தாமல் பிளாஸ்டிக்கைக் குத்தும். சில முறைக்கு ஒருமுறை மாற்றுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்க வேண்டும், ரைபிள் காலி என்று இரண்டு முறை பார்த்திருக்க வேண்டும். இதில் சமரசமே இல்லை.

11. குறியைச் சரிசெய்தல்

நேராக 50 கெஜத்துக்குப் போகாதீர்கள். 25இல் தொடங்குங்கள். முதல் தோட்டா காகிதத்திலேயே படவில்லை என்றால் எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாது.

போல்ட் ரைபிளில் ஒரு நல்ல வசதி உண்டு. போல்ட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, ரைபிளை மணல்மூட்டையில் அசையாமல் வைத்து, பின்னாலிருந்து குழல் வழியாகவே பாருங்கள். இலக்கின் கரும்புள்ளியைக் குழலின் வட்டத்துக்கு நடுவே கொண்டுவாருங்கள். ரைபிளைத் தொடாமல் ஸ்கோப்பின் திருகுகளைத் திருப்பி, குறிக்கோடும் அதே புள்ளிக்கு வருமாறு செய்யுங்கள். ஒரு தோட்டாகூடச் செலவழிக்காமல் காகிதத்துக்குள் வந்துவிட்டீர்கள்.

இப்போது ஐந்து சுடுங்கள். ஒரு துளையைப் பார்த்துத் திருகக் கூடாது, ஐந்தின் நடுப்புள்ளியைப் பார்த்துத் திருக வேண்டும். இங்கேதான் அதிகமானோர் தடுமாறுகிறார்கள். ஸ்கோப்பில் 'ஒரு சொடுக்கு கால் அங்குலம்' என்று எழுதியிருக்கும். அது 100 கெஜத்துக்கான கணக்கு. 50 கெஜத்தில் அதே சொடுக்கு அரைக்கால் அங்குலம்தான் நகர்த்தும், 25இல் அதிலும் பாதி. 25 கெஜத்தில் ஓர் அங்குலம் நகர்த்த 16 சொடுக்கு வேண்டும். நான்கு சொடுக்கு திருப்பிவிட்டு, ஸ்கோப் பழுது என்று கழற்றத் தொடங்கியவரை நான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

25இல் நடுவுக்கு வந்ததும் 50க்குப் போய் மறுபடி ஐந்து, மறுபடி திருத்தம். 50இல் அமைத்த ரைபிள் சாதாரண வேகத் தோட்டாவோடு 100 கெஜத்தில் ஆறு, ஏழு அங்குலம் தாழ்ந்து படும். அது கோளாறு இல்லை.

விசையை இழுத்தும் தோட்டா வெடிக்கவில்லையா? குழல்வாயை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் பொறுத்து, பிறகு திறங்கள். வழக்கத்தைவிட மெல்லிய 'புஸ்' சத்தம் கேட்டால் அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது. போல்ட்டைக் கழற்றி, குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். உள்ளே குண்டு சிக்கியிருக்கலாம்.

12. எந்தத் தோட்டா என்று ரைபிளிடம் கேளுங்கள்

மொத்தமாக வாங்கினால் மலிவு என்று முதல் நாளே பெரிய வாளி நிறைய வாங்கி வைத்துவிடாதீர்கள். ஒரே தொழிற்சாலையில் வந்த இரண்டு ரைபிள்கள்கூட வெவ்வேறு தோட்டாவை விரும்பும். நான்கைந்து வகைத் தோட்டா, ஒவ்வொன்றிலும் 50 எண்ணமுள்ள ஒரு பெட்டி வாங்குங்கள். சி.சி.ஐ. ஸ்டாண்டர்ட், அகிலா சூப்பர் எக்ஸ்ட்ரா, ஃபெடரல் ஆட்டோமேட்ச், சற்று விலை கூடிய எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸ் என்று தொடங்கலாம்.

'அதிவேகம்' என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பது குறிப்பயிற்சிக்குப் பெருமை இல்லை. ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1,100 அடி. அதைத் தாண்டிப் புறப்படும் குண்டு வழியில் ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும்போது சற்றுக் குலுங்கும். சி.சி.ஐ. ஸ்டாண்டர்ட் 1,070 அடியில் புறப்படுவதால் அந்தக் குலுக்கல் இல்லை. பகுதித் தானியங்கிகள் சில, மெதுவான தோட்டாவில் சரியாக இயங்காமல் சிக்கும். அவற்றில் மட்டும் வேகமானதையும் சேர்த்துச் சோதியுங்கள்.

முறை இது: ஒரு வகையை எடுத்ததும் முதல் பத்தைக் கணக்கில் சேர்க்காமல் சுடுங்கள். ஒவ்வொரு தோட்டாவின் மேலும் பூசியிருக்கும் மெழுகு வேறு, குழலுக்குள் பழையது போய்ப் புதியது படிய வேண்டும். பிறகு 50 கெஜத்தில் ஐந்து ஐந்தாக ஐந்து காகிதங்கள். ஒவ்வொன்றிலும் மிக விலகிய இரு துளைகளின் இடைவெளியை அளந்து, ஐந்தின் சராசரியை எழுதுங்கள். மிகச் சிறிய காகிதம் ஒன்றை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அதையே ரைபிளின் தரம் என்று நம்புவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. இந்த விலை ரைபிளில் சராசரி ஓர் அங்குலம் வந்தால் நன்று.

காற்றில்லாத காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மணிக்கு 10 மைல் வேகப் பக்கக் காற்று 50 கெஜத்திலேயே குண்டை ஏறத்தாழ ஓர் அங்குலம் தள்ளிவிடும், பிறகு நீங்கள் அளப்பது காற்றை. நல்ல தோட்டா தெரிந்த பிறகு அதே தயாரிப்புத் தொகுதி எண்ணில் கையிருப்பு வாங்குங்கள்.

13. ஈயமும் பூட்டும்

குண்டு ஈயம், பற்றவைக்கும் மருந்திலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுடுதளத்தில் எதையும் சாப்பிட வேண்டாம். கிளம்பும் முன் சோப்புப் போட்டுக் கைகளையும் முகத்தையும் கழுவுங்கள். அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்காமல் சுடுதளத்துக்கு வர வேண்டாம்.

குழலை அடிக்கடி தேய்த்துக் கழுவுவது .22க்குத் தேவையில்லை, தவறான கம்பியால் குழல்வாய் கெடுவதுதான் மிச்சம். துல்லியம் குறையும்போது துடைத்தால் போதும். அறையையும் போல்ட்டின் முகப்பையும் மட்டும் ஒவ்வொரு முறையும் துடையுங்கள், ரிம்ஃபயரில் கரி அங்கேதான் சேரும்.

வீட்டுக்கு வந்ததும் ரைபிள் காலியாக, பூட்டிய நிலையில். தோட்டா வேறிடத்தில், அதற்கும் பூட்டு. சாவி குழந்தைகளுக்குத் தெரியாத இடத்தில். விலையுயர்ந்த பெட்டகம் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். பல ஊர்களின் காவல்துறை அலுவலகங்களில் புராஜெக்ட் சைல்ட்சேஃப் திட்டத்தின் கம்பிப் பூட்டை இலவசமாகத் தருகிறார்கள். போல்ட்டைத் திறந்து, கம்பியை வெற்றுக்கூடு வெளியேறும் திறப்பு வழியாக நுழைத்து மேகசின் துளையில் வெளியே எடுத்துப் பூட்டினால் போல்ட் மூடாது. ரைபிளை வீட்டுக்குக் கொண்டுவரும் நாளுக்கு முன்பே அந்தப் பூட்டு உங்கள் வீட்டில் இருக்கட்டும்.